பெட்டியில் இல்லாத எழுத்துகள்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கூ கொங்சி என்ற சீனக் குல மண்டபத்துக்கு வருகிறவர்கள் கூரை அலங்காரத்தையும் தூண் சிற்பங்களையும் அண்ணாந்து பார்ப்பார்கள். என் கண் முதலில் போவது அங்கே எழுதியிருக்கும் குலப்பெயருக்குத்தான். ஹொக்கியன் பேச்சில் ‘கூ’, மாண்டரினில் ‘சியூ’. எழுத்தின் இடப்பக்கம் குன்று. வலப்பக்கம் ஊரைக் குறிக்கும் சின்ன உறுப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டைக் கட்டாயமாக்கியவர் சிங் வம்சத்துப் பேரரசர் யோங்செங். இந்தக் குலத்தார் இனி வெறும் குன்றை எழுதக்கூடாது என்று 1725இல் ஆணை போட்டார். கி.மு. 551இல் பிறந்த கன்பூசியஸின் சொந்தப் பெயரும் அதே குன்று. அதை யாரும் சாதாரணமாகக் கையாளக்கூடாது என்பதே காரணம். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்திய ஒரு குழந்தையின் பெயருக்காகக் குடும்பம் குடும்பமாகத் தங்கள் எழுத்தைத் திருத்திக்கொண்டார்கள். திருத்திய எழுத்தோடுதான் கப்பலேறி பினாங்குக்கும் வந்தார்கள். பேரரசு விழுந்த பிறகு சீனாவில் சில குடும்பங்கள் ஒட்டைக் கழற்றிவிட்டன. பினாங்குக் கூக்கள் இன்றும் ஒட்டோடுதான் எழுதுகிறார்கள்.

நான் பார்த்த வேலை அச்சுக்கோப்பு. தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் என் பக்கம். எதிரே சீன எழுத்துகளைக் கோக்கும் ஆ பெக் நிற்பார். என் தமிழுக்கு ஒரு மேசை போதும். அவருடைய பெட்டிகள் சுவர் நீளத்துக்கு அடுக்கியிருக்கும். கடை விளம்பரம், விலைப்பட்டியல் என்றால் பேசிக்கொண்டே எழுத்தைப் பொறுக்குவார். பெயர் வந்தால் மட்டும் பேச்சு நிற்கும். எங்கோ ஒரு தாத்தா பேரனுக்காகப் பழைய நூலில் இருந்து ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்திருப்பார். அது பெட்டியில் இருக்காது. ஆ பெக் இரண்டு ஈய எழுத்தை எடுத்து, ஒன்றின் இடப்பாதியையும் இன்னொன்றின் வலப்பாதியையும் அறுத்துச் சேர்த்து அந்தப் பெயரை உண்டாக்குவார். மரண அறிவிப்பு வந்தால் வேறு சிரமம். மகன்கள், பேரன்கள் வரிசையாக வருவார்கள். ஒரு தலைமுறைக்கு நடு எழுத்து ஒன்றே. பெரிய குடும்பமாக இருந்தால் அந்த எழுத்து பெட்டியில் தீர்ந்துவிடும்.

அந்தப் பெட்டிகள்தான் என்னைச் சீனப் பெயர்களின் பழங்கதைக்குள் இழுத்தன. நல்ல பொருளுள்ள எழுத்தாகப் பார்த்து எடுப்பார்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தது எந்த எழுத்தைத் தொடக்கூடாது என்று பார்ப்பதில்தான்.

இதற்கான பழைய சாட்சி ‘சோ ஜுவான்’ என்ற வரலாற்று நூலில் இருக்கிறது. கி.மு. 706இல் லூ நாட்டுக் கோமகன் ஹுவானுக்கு ஒரு மகன் பிறந்தான். என்ன பெயர் வைக்கலாம் என்று கோமகன் கேட்க, ஷென் ஷூ என்ற அமைச்சர் பெயர் பிறக்கும் ஐந்து வழிகளைச் சொல்கிறார்: பிறக்கும்போது உடலில் தெரியும் அடையாளம், நற்குணம், உருவ ஒப்புமை, ஏதாவது ஒரு பொருளிடம் இரவல் வாங்குவது, தந்தையோடு உள்ள ஒற்றுமை. அதோடு விடவில்லை. நாட்டின் பெயர் வேண்டாம், பதவியின் பெயர் வேண்டாம், மலை ஆறு வேண்டாம், நோய் வேண்டாம், வளர்ப்பு விலங்கு வேண்டாம், சடங்குப் பாத்திரமும் பட்டும் வேண்டாம் என்கிறார். இறந்தவரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது வழக்கம். கோமகனின் மகனுக்கு மலையின் பெயரை வைத்தால், நாளைக்கு மலைக்கு வேறு பெயர் தேட வேண்டும். ஆட்டின் பெயரை வைத்தால் பலி நின்றுபோகும். முன்பு ஒரு நாட்டில் இப்படிப் பதவியின் பெயரையே மாற்ற நேர்ந்ததையும் எடுத்துக்காட்டுகிறார். பிள்ளை தகப்பன் பிறந்த அதே நாளில் பிறந்திருந்தான். அதனால் ‘தோங்’, அதாவது ‘ஒன்றே’ என்று வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. அதில் ஆசையும் இல்லை, வீம்பும் இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது.

அதே லூ நாட்டில்தான் கன்பூசியஸ் பிறந்தார். அவருக்கு மகன் பிறந்தபோது கோமகன் சாவ் ஒரு கெண்டை மீனை அனுப்பிவைத்தார். அந்த மரியாதைக்காகப் பிள்ளைக்குக் கெண்டை என்று பொருள்படும் ‘லி’ என்றே பெயர். வயது வந்ததும் வெளியார் அழைப்பதற்கென்று இன்னொரு பெயர் வைப்பது வழக்கம், அது ‘போயூ’. போ என்றால் மூத்தவன், யூ என்றால் மீன். வீட்டுப் பெயரும் வெளிப் பெயரும் இப்படி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும். மா சேதுங்கின் பெயரும் அப்படித்தான்: நடு எழுத்து ‘சே’ நீர்வளம், வெளிப்பெயரில் வரும் ‘ருன்’ ஈரமாக்குவது.

தவிர்ப்பு வழக்கம் அரண்மனைக்குள் போனதும் ஆயுதமாயிற்று. அரசரின் எழுத்தை எந்தக் குடிமகனும் எழுதக்கூடாது. ஹான் அரசர் லியு ஹெங்கின் பெயருக்காக ஹெங் மலைக்குச் சாங் மலை என்று பெயர் மாறியது. தாங் அரசர் லி ஷிமின் பெயரில் ‘மக்கள்’ என்ற எழுத்து இருந்ததால் அவருக்குப் பிறகு ஓர் அமைச்சகத்தின் பெயர் ‘மக்களை’ இழந்தது. பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாசலான சுவான்வூ, சிங் பேரரசர் காங்ஷியின் சொந்தப் பெயரில் ‘சுவான்’ இருந்ததால் ஷென்வூ ஆயிற்று. எழுதியே ஆக வேண்டிய இடத்தில் கடைசிக் கோட்டை விட்டுவிட்டு எழுத்தைக் குறையாக நிறுத்துவார்கள்.

இந்தச் சுமையை உணர்ந்து இரங்கிய அரசர்களும் இருந்தார்கள். ஹான் வம்சத்துச் சுவான் பேரரசர் குழந்தையில் நோயாளி. பிழைக்க வேண்டும் என்று ‘பிங்யி’, நோய் தீர்ந்தது என்று பெயர் வைத்திருந்தார்கள். நோய் என்ற எழுத்தை எழுதாமல் ஊர் எப்படி இருக்கும்? தெரியாமல் எழுதியவர்கள் தண்டனைக்கு ஆளானார்கள். கி.மு. 64இல் அவர் தன் பெயரையே அதிகம் புழங்காத ‘சுன்’ என்று மாற்றிக்கொண்டார். பதினெட்டு நூற்றாண்டு கழித்து சிங் பேரரசர் சியான்லோங் தன் வாரிசின் பெயரில் இருந்த ‘யோங்’, என்றென்றும் என்ற எழுத்தை எடுத்துவிட்டு அரிய எழுத்து ஒன்றை வைத்தார். அடுத்த தலைமுறையில் ‘மியான்’ போயிற்று. அது பஞ்சையும் குறிக்கும் எழுத்து. உடுத்தும் துணியைச் சொல்லாமல் மக்கள் எப்படி வாழ்வார்கள் என்று யோசித்திருக்கிறார்கள்.

அதே சியான்லோங் காலத்தில்தான் வாங் ஷிஹோவின் கொலையும் நடந்தது. ஜியாங்ஷி மாகாணத்துப் படிப்பாளி அவர். 47,035 எழுத்துகளைக் கொண்ட காங்ஷி அகராதியில் தேடுவது கடினம் என்று பொருள்வாரியாக அடுக்கிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டுமே என்று கன்பூசியஸின் பெயரையும் சிங் பேரரசர்களின் பெயர்களையும் முன்பக்கத்தில் முழு எழுத்தாக அச்சிட்டுவிட்டார். 1777இல் அந்தப் பக்கம் பேரரசரின் கண்ணில் பட்டது. அவரைக் கொன்றார்கள், வழக்கை மென்மையாக எடுத்துக்கொண்ட மாகாண ஆளுநரும் தண்டனைக்குத் தப்பவில்லை. எழுத்தைக் கோத்துப் பிழைத்தவன் நான். இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறுவதில்லை.

அரசர் எட்டாத இடத்தில் குலம் கை வைத்தது. தலைமுறைக்கு ஓர் எழுத்து என்று முன்னோர் வரிசை ஒன்றை எழுதிவைப்பார்கள். பிறக்கப் போகும் பேரனின் பேரனுக்கும் பாதிப் பெயர் தயாராக இருக்கும். இதில் கன்பூசியஸின் கோங் குலத்தை மிஞ்ச ஆளில்லை. 56ஆம் தலைமுறை தொடங்கி 105 வரைக்கும் 50 எழுத்துகள் இருக்கின்றன. முதலில் வந்தவற்றுக்கு அரசர்களின் ஒப்புதல் உண்டு. கடைசி 20 எழுத்து பேரரசு விழுந்த பிறகு சேர்ந்தவை. குடியரசுக் கால நிதியமைச்சர் கோங் ஷியாங்ஷியின் ‘ஷியாங்’ 75ஆம் தலைமுறை, 1920இல் பிறந்த கோங் தெசெங்கின் ‘தெ’ 77. முன்பின் தெரியாத இரண்டு கோங்குகள் சந்தித்தால் பெயரைக் கேட்டதுமே யார் சித்தப்பா, யார் மகன் முறை என்று தெரிந்துவிடும். ஆ பெக்கின் பெட்டியில் தீர்ந்துபோன எழுத்துகளும் இப்படி ஏதோ ஒரு வரிசையில் இருந்து வந்தவைதான்.

இந்த வரிசை பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண் பிள்ளைகளைப் பல குல ஏடுகள் எழுதவே இல்லை. பெண்களுக்கு வைத்த பெயர்களோ இப்படி: ‘ஜாவ்தி’ என்றால் தம்பியைக் கூப்பிடு, ‘லாய்தி’ என்றால் தம்பி வரட்டும். அந்தக் குழந்தைக்கு என்று அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. அழகுக்கும் அறிவுக்கும் ஆயிரக்கணக்கில் எழுத்து வைத்திருக்கும் மொழியில் ஒரு பெண்ணை வாழ்நாள் முழுக்க அப்படிக் கூப்பிட்டது அநியாயம். மலாயாவில் பல சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்தன. என் அத்தை ஒருவர் அப்படி வந்தவர்தான். முருகனுக்குக் காவடி எடுத்தவர், தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர். பிறந்த வீட்டில் அவருக்கு எழுத்து ஏதும் வைத்தார்களா என்று கேட்க யாரும் மிஞ்சவில்லை.

ஜோசியமும் எழுத்தைத் தீர்மானித்தது. பிறந்த நேரத்தைக் கணித்து, உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்ற ஐந்தில் எது குறைகிறதோ அதைப் பெயரில் இட்டு நிரப்புவார்கள். எழுத்தாளர் லூ சுன் 1921இல் எழுதிய கதையில் வரும் ருன்துவுக்கு மண் குறைவு, அதனால் பெயரில் மண். இதற்கென்றே எடுப்பான எழுத்துகள் உண்டு: மூன்று மரம் அடுக்கினால் ‘சென்’, மூன்று நீர் ‘மியாவ்’, மூன்று பொன் ‘ஷின்’. 1943 வரை தேசிய அரசின் தலைவராக இருந்த லின் சென்னின் பெயரில் குலப்பெயருக்கு இரண்டு மரம், சொந்தப் பெயருக்கு மூன்று மரம். ஒரு தோப்பே நிற்கும்.

கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1949க்குப் பிறகு ‘ஜியான்குவோ’ என்று நாட்டைக் கட்டச் சொல்லும் பெயர்கள் குவிந்தன. கொரியப் போர் வந்ததும் கொரியாவுக்கு உதவு என்ற பொருளில் ‘யுவான்சாவ்’ வந்தது. 2013 முதல் 2018 வரை சீனாவின் துணைத் தலைவராக இருந்த லி யுவான்சாவுக்கு 1950இல் வைத்தது அந்தப் பெயர்தான். பின்னால் ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் ஊற்று, அலை என்று மாற்றிக்கொண்டார்.

ஈயம் போய்க் கணினி வந்தபோது ஆ பெக்கின் சிரமம் சீன அரசுக்கே வந்தது. 1980இல் வகுத்த கணினிக் குறியீட்டில் 6,763 எழுத்துகளே இருந்தன. பிரதமராக இருந்த சூ ரோங்ஜியின் ‘ரோங்’ அதில் இல்லை. 2013இல் வந்த 8,105 எழுத்துகளின் பட்டியலில் மூன்றாம் அடுக்கு, 1,605 எழுத்துகள், பெரிதும் ஆள்பெயர், ஊர்ப்பெயர் போன்றவற்றுக்காகச் சேர்ந்தது. 1955இல் வேண்டாம் என்று தள்ளிய ‘மியாவ்’ என்ற மூன்று நீர் எழுத்தையும் அதில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வருஷம் ஆ பெக்கின் மகன் வீட்டில் பேத்தி பிறந்தாள். பெயர் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களின் பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதினார்கள். அந்த எழுத்துகள் எல்லாம் விலக்கு. பிறகு ஒவ்வொரு பெயரையும் மாண்டரினில் ஒரு தடவை, ஹொக்கியனில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுடைய குலப்பெயர் ‘கோ’. ஹொக்கியனில் தொந்தரவு இல்லை. மாண்டரினில் அது ‘வூ’ ஆகி ‘இல்லை’ என்றும் காதில் விழும். பின்னால் எவ்வளவு நல்ல எழுத்தை வைத்தாலும் ‘அறிவில்லை’, ‘அழகில்லை’ என்று கேட்கும். சாயங்காலம் வரை அடித்து அடித்து எழுதினார்கள். பையன்களுக்கு என்று முன்னோர் எழுதிவைத்த நடு எழுத்தையே இவளுக்கும் கொடுப்பது என்று பாட்டி முடிவு சொன்னார். அடுத்த வாரம் குலச் சங்கத்துக்குப் போய் ஏட்டில் பதிந்துவிட்டு வந்தார்கள், அண்ணன் பெயருக்கு அடுத்த வரியில்.