ரிஸ்பெரிடோன்

மனச்சிதைவு நோய்க்கும் இருமுனைக் கோளாறின் மிகையெழுச்சி நிலைக்கும் மருத்துவர் சீட்டின்பேரில் தரப்படும் மருந்து. 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூளையின் டோபமைன், செரோடோனின் ஏற்பிகளைத் தடுத்து, காதில் கேட்கும் குரல்களையும் காரணமற்ற சந்தேகத்தையும் தணிக்கிறது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்ததும் தாமாக நிறுத்துவோருக்கு நோய் திரும்புவதே அதிகம். ஒரு வேளை விட்டுப்போனால் மறுவேளை இரட்டிப்பாக விழுங்கக் கூடாது.

கை நடுக்கம், உடல் இறுக்கம், எடை கூடுதல், மாதவிடாய் தவறுதல் ஆகியவை பக்கவிளைவுகள். பாய் விட்டுச் சட்டென எழுந்தால் தலை சுற்றும். உடல் தன் வெப்பத்தைச் சீராக்கும் திறனும் குறையலாம். குறுவை நடவுக்கு வெயிலில் இறங்குவோர் அடிக்கடி தண்ணீர் குடித்து, நிழலில் இளைப்பாற வேண்டும். மது கூடாது. கடுங்காய்ச்சலுடன் உடல் விறைத்து நினைவு குழம்பினால் அது உயிருக்கு ஆபத்து; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறதி நோயுள்ள முதியோருக்குப் பக்கவாத அபாயம் கூடுவதால் மிகுந்த எச்சரிக்கை தேவை.

காவிரிக் கரையிலுள்ள குணசீலம் கோயிலில் மனநலம் வேண்டி 48 நாள் தங்கும் வழக்கம் உண்டு. வழிபாடு மாத்திரைக்குத் தடையில்லை. மாத்திரையை நிறுத்துவதுதான் சிக்கல். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. தொலைபேசி ஆலோசனைக்கு டெலி மானஸ் எண்: 14416.