திரைக்குரலும் கீர்த்தனையும்

1940-இல் கொச்சிக் கோட்டைப் பகுதியில் பிறந்த கே. ஜே. யேசுதாசைக் கத்தோலிக்கர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். 1961-இல் திரைக்குப் பாடத் தொடங்கிப் பெயரும் பெற்ற பின்னர், அவர் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் மாணவராய் அமர்ந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. நான்கு நிமிடப் பாட்டுக்குப் பழகிய குரல் ஒரே இராகத்தை நெடுநேரம் விரிக்கக் கற்பது எளிதன்று. வைதிக அந்தணராகிய பாகவதர் சீடரின் சமயத்தைத் தடையாகக் கொள்ளவில்லை. குருவாயூர்க் கோயிலோ அவரை உள்ளே விடவில்லை. ஆயினும் அவர் தியாகராசர் கீர்த்தனைகளை மேடைதோறும் பாடினார்; ஒலிநாடாக்களிலும் பதித்தார்.

நம்மவர் சிலர் இதற்கு முகம் சுளித்ததுண்டு. மாயூரத்தில் முனிசீப்பாயிருந்த நம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியதை அவர்கள் மறந்தனர் போலும். எங்கள் பென்னாகரப் பாடகர் குழுவில் அவற்றுள் ஒன்றேனும் அறிந்தவர் இல்லை. நானே அண்மையில்தான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.