லிப்போசோம் டொக்சோரூபிசின்

புற்றுநோய் மருந்தான டொக்சோரூபிசினைக் கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்துச் செய்யப்படும் ஊசிமருந்து. குமிழியின் விட்டம் ஏறத்தாழ 80 முதல் 100 நனோமீற்றர். சூலகப் புற்று, கபோசி சார்க்கோமா ஆகியவற்றுக்குத் தரப்படுகிறது. தனி டொக்சோரூபிசின் இதயத்துக்குச் செய்யும் கேடு இதில் குறைவு. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது அதிகம்.

ஜெருசலேமில் பேரன்ஹோல்ட்ஸ், கபிசோன் ஆகியோரின் ஆய்விலிருந்து உருவான ‘டொக்சில்’ என்ற வணிக மருந்து 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குமிழிச் சுவர் நிறைவுற்ற சோயா பொஸ்பற்றிடைல்கோலீன், கொலஸ்திரோல், பொலிஎதிலீன் கிளைக்கோல் இணைந்த கொழுப்பு ஆகியவற்றால் ஆனது. குமிழிக்குள் முன்னரே இருக்கும் அமோனியம் சல்பேற்று மருந்தை உள்ளே இழுத்து, கோல்வடிவப் பளிங்காக இறுக வைக்கிறது. உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அது நடுவே கோடிட்ட கோப்பிக் கொட்டைபோல் தெரியும். 

குமிழியின் வெப்ப நடத்தையை, அதாவது சூடாகும்போது அது எங்கே இளகுகிறது என்பதை, வருடல் கலோரிமானி அளக்கிறது. சுவரின் முதன்மைக் கொழுப்பு தனியாக இருந்தால் சுமார் 52 பாகை செல்சியசில் இளகும். கொலஸ்திரோல் சேர்ந்ததும் அந்த மாற்றம் மழுங்கிப் பரவலாகிறது. ஆகவே உடல் வெப்பத்தில் சுவர் எளிதில் கசிவதில்லை. உள்ளிருக்கும் மருந்துப் பளிங்கோ 70 பாகை அளவில்தான் உருகுகிறது. மருந்தை 2 முதல் 8 பாகையில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. இலங்கையில், கொழும்பிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் மலையேறிப் பதுளைக்கு வரும் எந்தப் பெட்டிக்கும் இந்த விதி பொருந்தும்.

இனி, இத்தகைய மருந்தை இலங்கை வாங்குவது பற்றி. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பிபிலைப் பகுதியைச் சேர்ந்த மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். வணிகப் பெயரை விட்டு, பொதுப்பெயரில் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்குவது அவரது கொள்கை. தோட்டத் தொழிலாளிக்கும் அரச வைத்தியசாலையில் இலவச மருந்து கிடைப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

சாதாரண மாத்திரைக்கு அந்தக் கொள்கை எளிதில் பொருந்தும். லிப்போசோமிலோ, ஒரே மருந்தை ஒரே அளவில் அடைத்த இரு தயாரிப்புகளும் உடலில் வேறு வேறாக நடக்கலாம். எனவே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொதுப்பெயர்த் தயாரிப்பாளரிடம் குமிழியின் அளவு, உள்ளிருக்கும் மருந்தின் நிலை, சுவரின் வெப்ப மாற்றம், கசிவு வேகம் ஆகியவையும் மூலமருந்தை ஒத்திருப்பதற்குச் சான்று கேட்கிறது. டொக்சில் தட்டுப்பாட்டின்போது, 2012இல், இந்தியாவின் சன் பார்மா தயாரித்த ‘லிப்போடொக்ஸ்’ அமெரிக்காவில் தற்காலிகமாக இறக்குமதியானது. மறு ஆண்டு அந்நிறுவனத்தின் பொதுப்பெயர் மருந்துக்கு முழு அனுமதி கிடைத்தது.

இத்தகைய மருந்தை வாங்கும் இலங்கைக் கேள்விப்பத்திரங்கள் விலையோடு கலோரிமானி வரைபடத்தையும் கேட்டுப் பெறுவதே பிபிலேயின் கொள்கைக்கு நியாயம் செய்யும்.