கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்: பழைய வீடுகளைப் பேணல் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

கொழும்பின் பழைய வீடுகளைப் பேணல் வேண்டும் என்னும் குரல் அண்மைக் காலத்தில் ஓங்கி ஒலிக்கின்றது. கொட்டாஞ்சேனையின் தெருவோர விறாந்தைகளும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் எஞ்சி நிற்கும் ஓட்டுக்கூரை வீடுகளும் புகைப்படங்களாகப் பரவுகின்றன. காண்போர் மனத்தில் ஓர் ஏக்கம் பிறக்கின்றது. அவ்வேக்கத்தை நாம் இகழவில்லை. ஆயினும், அவ்வீடுகள் எந்தப் பணத்தில் எழுந்தன, அவற்றின் முன்வாசலால் எவர் நுழைந்தனர், பின்வாசலால் எவர் நுழைந்தனர் என்ற வினாக்களை எழுப்பாது அவற்றின் அழகை மட்டும் பேசுவது வரலாற்றாய்வு ஆகாது. எதனைப் பேணுவது என்பதற்கு விடை காண்பதற்கும் அவ்வினாக்களே வழிகாட்டுவன.

முதலிற் கொட்டாஞ்சேனையை நோக்குவோம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் நிறைவுசெய்த வொல்வெண்டால் தேவாலயம் இப்பகுதியின் தொன்மைக்குச் சான்று. கோட்டைக்கு வெளியே, துறைமுகத்தை நோக்கிய மேட்டுநிலமாக இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் ஆகியனவே வணிகரும் உயர் உத்தியோகத்தரும் விரும்பி வாழ்ந்த இடங்களாயிருந்தன. இந்நிலையை மாற்றியது துறைமுகமே. 1875இல் தொடங்கிய தென்மேற்கு அலைதடுப்பணையின் வேலை 1885இல் முடிவுற்றது. காலித் துறைமுகத்தின் முதன்மையைக் கொழும்பு கவர்ந்துகொண்டது. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த காலமும் அதுவே. பண்டசாலைகளும் வண்டிகளும் கூலித் தொழிலாளரும் வடகொழும்பை நிறைக்க, செல்வர் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் குடிபெயர்ந்தனர்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் இவ்விடப்பெயர்ச்சியின் உருவகம் போல நிற்கின்றது. பொன்னம்பல முதலியார் 1856இல் நிறுவிய அக்கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் மீளக் கட்டுவித்தார். ஆனால், இராமநாதன் வாழ்ந்த 'சுகஸ்தான்' என்னும் இல்லமோ கறுவாத்தோட்டத்து வாட் பிளேசில் இருந்தது. தெய்வம் துறைமுகத்து மக்களோடு தங்க, தர்மகர்த்தா தெற்கே சென்றார் எனலாம்.

செல்வர் விட்டுச்சென்ற வீடுகள் வெறுமையாய்க் கிடக்கவில்லை. மண்டபங்கள் பலகைகளால் மறிக்கப்பட்டு அறைகளாயின. பின்புறத் தோட்டங்களில் நிரைநிரையாகச் சிற்றறைகள் எழுந்தன. கொழும்பில் 'தோட்டம்' என்னும் சொல் மரஞ்செடிகளை உணர்த்துவதை விட்டு, ஒரு குழாயையும் சில மலகூடங்களையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பை உணர்த்தத் தொடங்கியது இவ்வாறே. ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தினுள்ளே ஒரு நகரின் வர்க்க வரலாறு உறைந்து கிடப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

தெருவை ஒட்டிய வீடுகளின் அமைப்பும் இவ்வழியே விளங்கும். ஒடுங்கிய முகப்பு, தெருவோடு ஒட்டிய விறாந்தை, கதவின்மேல் காற்றுக்கும் வெளிச்சத்துக்குமான மரப்பின்னல், உள்ளே நீண்டு செல்லும் அறைகள், நடுவிற் சிறு முற்றம், கடைசியிற் குசினி. இவ்வமைப்பு வெப்பநாட்டுக்கு இயைந்தது என்பது மெய்யே. ஆனால் முகப்பு ஒடுங்கியமைக்குக் காரணம் காலநிலையன்று. தெருவோர நிலத்தின் விலையும், ஒரே காணியில் எத்தனை வாடகை பெறலாம் என்ற உடைமையாளரின் கணக்குமே அதனைத் தீர்மானித்தன. கொழும்புச் செட்டிகள், பரதவர், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மலையாளிகள், முஸ்லிம்கள், சிங்களக் கத்தோலிக்கர், பௌத்தர் எனப் பலரும் இச்சுவர்களைப் பகிர்ந்து வாழ்ந்தனர். இதனைப் பழுதற்ற நல்லிணக்கமாகச் சித்திரிப்போரும் உளர். 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று இதே கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்குமிடையே கலவரம் மூண்டதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வெள்ளவத்தையின் வளர்ச்சி வேறு வகையினது. 1870களில் கரையோரப் புகையிரதப் பாதை அமைந்த பின்னர் தென்னந்தோப்புகள் காணித் துண்டுகளாயின. ஒருபுறம் நூற்றல் நெசவு ஆலையும் தொழிலாளரும். மறுபுறம் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் மத்தியதர வர்க்கத்தின் தனி வீடுகள். அவ்வாலையில் 1933இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்திற்கு கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் தலைமை தாங்கினர். தொழிலாளருட் பெரும்பாலோர் மலையாளிகள் ஆகையால், பழைய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்ஹ அதற்கு எதிராக நின்றார். இரண்டாண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுதற்கு இப்போராட்டம் ஒரு படியாயிற்று. அவ்வாலை நிலத்தில் இப்பொழுது 'ஹவ்லொக் சிற்றி' என்னும் உயர்மாடித் தொகுதி நிற்கின்றது. பழைய பங்களாக்களுக்காக இரங்குவோருள் எத்தனை பேர் இவ்வாலையின் மறைவுக்காகவும் இரங்கினர் என்று கேட்கத் தோன்றுகின்றது.

வெள்ளவத்தை வீடுகளைப் பற்றிப் பேசுவோர் தவறாது குறிப்பிடும் பெயர் பாப்லோ நெரூதா. சிலி நாட்டுக் கொன்சலாக 1929, 1930ஆம் ஆண்டுகளிற் கொழும்பிற் பணியாற்றிய அக்கவிஞர் இங்கே கடலோரச் சிறு வீடொன்றில் வாழ்ந்தார். அவ்வீட்டின் நினைவு போற்றப்பட வேண்டும் என்பர். அவர் மறைந்தபின் 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில், அவ்வீட்டின் மலவாளியை நாள்தோறும் பின்புறத்தால் வந்து எடுத்துச் சென்ற தமிழ்ப் பெண்ணொருத்தியைப் பற்றி அவரே எழுதியுள்ளார். அவளை வலிந்து அடைந்ததையும் எழுதியுள்ளார். ஒடுக்கப்பட்ட சாதியினளாகிய அப்பெண்ணின் பெயர் அந்நூலில் இல்லை. முற்போக்கு இலக்கியத்தார் நெரூதாவைக் கொண்டாடியபோது இப்பக்கங்களைக் கடந்து சென்றோம்; அது நமது தவறு. வீட்டாய்வு என்ற முறையிலும் இதில் ஒரு பாடம் உண்டு. அக்காலத்து வீடுகள் பலவற்றின் அமைப்பில், மலவாளியை எடுப்பதற்கான பின்வாயிலும் அதற்குச் செல்லும் ஒடுக்கமான வழியும் தவிர்க்க முடியாத உறுப்புகள். தமிழகத்திலிருந்து நகரசுத்தித் தொழிலுக்கெனக் கொண்டுவரப்பட்டோர் அவ்வழியாலேயே இவ்வீடுகளை அறிந்தனர். முகப்பைப் புதுப்பிப்போர் முதலில் அடைத்துவிடுவதும் அவ்வழியையே.

1983 யூலையில் வெள்ளவத்தையின் தமிழர் வீடுகள், வாக்காளர் இடாப்பைக் கையிற் கொண்டு வந்தோரால் அடையாளங் காணப்பட்டு எரிக்கப்பட்டன. இதற்குப் பின் வீடு என்பதன் பொருளே மாறிற்று. பலர் விற்றனர், பலர் நாட்டைவிட்டு நீங்கினர். பின்னர் போரால் இடம்பெயர்ந்து வடக்கிலிருந்து வந்தோர்க்கும், புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணத்துக்கும் இடமளிக்கும் வகையில் ஒரு வீடு நின்ற காணியில் தொடர்மாடிகள் எழுந்தன. தனி வீட்டைவிட, பலர் கூடி வாழும் மாடி பாதுகாப்பானது என்ற உணர்வும் இதிற் கலந்திருந்தது. இம்மாடிகளை அழகற்றவை என்று பழிப்பது எளிது. தீக்கு அஞ்சியவனிடம் மரப்பின்னலின் அழகை எடுத்துரைப்பது எங்ஙனம்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் தொல்பொருளுக்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2. அது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். பிந்திய கட்டடங்களைத் தனி ஆணையாற் பாதுகாக்க இடமுண்டெனினும், அரசனின் வீழ்ச்சியோடு வரலாறு முடிந்துவிட்டது போன்ற ஒரு நோக்கு அதில் உறைந்துள்ளது. துறைமுகத் தொழிலாளரும் எழுதுவினைஞரும் வாழ்ந்த வீடுகள் பிந்திய காலத்தனவாகையால், இயல்பாகவே அவ்வெல்லைக்கு வெளியே விழுகின்றன.

நமது நோக்கில் இதனினும் முக்கியமானது 1973. ஐக்கிய முன்னணி அரசில் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலம் அது. அவ்வாண்டின் 1ஆம் இலக்க வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் மேலதிக வீடுகளை அரசுடைமையாக்கி, குடியிருந்தோர் அவற்றை வாங்க வழிவகுத்தது. முந்திய ஆண்டின் வாடகைச் சட்டம் குடியகற்றலைக் கட்டுப்படுத்தியிருந்தது. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்கள் முதன்முறையாக உறுதியொன்றைக் கையிற் பெற்றன. இது சிறிய சாதனையன்று. ஆனால் வீட்டைக் கொடுத்த அரசு, அதன் கூரையைப் பழுதுபார்க்கும் வழியைக் கொடுக்கவில்லை. வாடகை உறைந்த வீடுகளில் உடைமையாளர் ஓடு மாற்ற மறுத்தனர், வாங்கியவர்களுக்கோ வசதியில்லை. மேலும், அதே ஆண்டில் அதே தேசிய அரசுப் பேரவை நிறைவேற்றிய 11ஆம் இலக்கச் சட்டமே மாடிவீட்டு உடைமைக்கும் வழிதிறந்தது. பழைய வீடுகளைத் தகர்த்தெழுந்த தொடர்மாடிகளின் சட்ட அடிப்படை அதுவே என்பது வரலாற்றின் முரண்நகை.

அதே 1973இல் இத்தாலியின் பொலோஞா நகரில், கம்யூனிஸ்ட் மாநகரசபை பழைய நகர்ப்பகுதிக்கென ஒரு திட்டத்தை முன்வைத்தது. புதிய வீடுகளைக் கட்டுவதற்கான பொதுப்பணத்தைப் பழைய தொழிலாளர் வீடுகளைச் செப்பனிடச் செலவிடுவதும், செப்பனிட்ட வீடுகளிற் பழைய குடிகளையே இருத்துவதும் அதன் நோக்கம். வீடுகளைச் சுவீகரிக்கும் முதல் எண்ணம் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டு, உடைமையாளரோடு உடன்படிக்கை செய்யும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஆகவே அதனை முழு வெற்றி என்று கூறோம். எனினும், வீட்டையும் குடியையும் ஒன்றாகவே பேணலாம் என்பதை அது செயலிற் காட்டிற்று. மறுதலையான எடுத்துக்காட்டு பினாங்கு. அங்கு வாடகைக் கட்டுப்பாடு 1999இன் முடிவோடு நீங்கியது. 2008இல் ஜோர்ஜ் டவுன் உலக மரபுரிமைத் தலமாயிற்று. முகப்புகள் மின்னின, பழைய குடிகள் பலர் வெளியேறினர். 1988இல் அப்பட்டியலிற் சேர்ந்த காலிக் கோட்டையிலும் வீடுகள் விடுதிகளாயின. கொழும்புக் கோட்டையின் ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011இற் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டமையும் இவ்வழியினதே.

வடகொழும்பு இன்று இவ்விரு அழிவுகளுக்கும் இடையில் நிற்கின்றது. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010 முதல் 2015 தொடக்கம் வரை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய காலத்தில், வசதி குறைந்த குடியிருப்புகளின் மக்களை உயர்மாடிகளுக்கு மாற்றும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. நிலத்தை விடுவிப்பதே அதன் உள்நோக்கம். வீட்டுப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகின்றது என்று எங்கெல்ஸ் 1872இற் சுட்டியது இங்கு நினைவுக்கு வருகின்றது. மறுபுறம், மரபுரிமை என்ற பெயரில் முகப்பை வைத்துக்கொண்டு மக்களை நீக்குவதும் அதே நகர்த்தலின் நாகரிக வடிவமாகும்.

ஆதலின், பேணப்பட வேண்டிய வீடுகளின் பட்டியலைத் தயாரிப்பதற்கு முன் வேறொரு பதிவு தேவைப்படுகின்றது. தெருமுகப்பிலிருந்து பின்சுவர் வரை ஒவ்வொரு வீட்டின் தளவரைபும் அளந்து வரையப்படல் வேண்டும். உறுதிகள், வாடகைப் பற்றுச்சீட்டுகள், 1973இன் பின் உடைமை மாறிய விபரங்கள், 1983இல் எரிந்தவை ஆகியன அவ்வரைபோடு சேர்க்கப்படல் வேண்டும். முதிய குடிகளின் வாய்மொழியும் பதிவாதல் வேண்டும். பொறியியலாளரும் தமிழ் மாணவரும் கூடிச் செய்யத்தக்க வேலை இது. ஜம்பட்டா வீதியிலும் அதனை அடுத்த தோட்டங்களிலும் தொடங்கி, அடுத்த விடுமுறையில் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் அமைந்துள்ள 57ஆவது ஒழுங்கையின் அயலுக்குச் செல்லலாம். அடைக்கப்பட்ட பின்வாயில்கள் எங்கெங்கு இருந்தன என்பதை அறிந்தோர் இன்னும் சிலர் அங்கே வாழ்கின்றனர்.