பத்தாயிரம் பிரதி, ஐந்நூறு பிரதி: ஒரு வணிக இதழின் கதை

போன மாசம் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ஒரு பழைய ஆங்கில இதழ் கிடைத்தது. 'ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவியூ', 1983. அட்டை பாதி கிழிந்திருந்தது, விலை இருபது ரூபாய். "அது பழசு சார், கம்ப்யூட்டர் புக் இருக்கு, பாக்குறீங்களா?" என்றார் கடைக்காரர். என்னைப் பார்த்தாலே என்ன வேலை என்று தெரிந்துவிடுகிறது போல.

ஆசியாவின் வியாபாரம், முதலீடு பற்றி ஹாங்காங்கில் இருந்து வந்துகொண்டிருந்த இதழ் இது. சரக்கு விலை, நாணய மாற்று, பங்குச்சந்தை மாதிரி யாருக்கும் கோபம் வராத விஷயங்கள்தான் இதன் சொந்த ஊர். அப்படிப்பட்ட ஒரு இதழைக் கண்டு சில அரசாங்கங்களுக்கு ஏன் அவ்வளவு எரிச்சல்? இந்தக் கேள்வியோடுதான் படிக்க ஆரம்பித்தேன்.

தொடங்கியவர் எரிக் ஹால்பெர்ன். வியன்னாவைச் சேர்ந்த யூதர். நாஜிகளுக்குத் தப்பி ஷாங்காய்க்கு வந்து அங்கே ஒரு வணிகப் பத்திரிகையில் இருந்தவர். போர் முடிந்ததும் ஹாங்காங் வந்து, 1946 அக்டோபரில் இந்த இதழைக் கொண்டுவந்தார். ஆரம்பப் பணம் போட்டவர்களில் ஹாங்காங் ஷாங்காய் வங்கி, ஜார்டின் கம்பெனி, கடூரி குடும்பம் எல்லாம் உண்டு. அதாவது அந்த ஊரின் பெரிய முதலாளிகள். புரட்சி செய்யக் கிளம்பிய பத்திரிகை இல்லை இது.

ஆனால் காலம் சும்மா விடவில்லை. 1949-இல் சீனா மாவோ கைக்குப் போனது. ஷாங்காய் பஞ்சாலை முதலாளிகள் எந்திரங்களோடும் பணத்தோடும் ஹாங்காங்கிற்கு வந்தார்கள். கொரியப் போரை ஒட்டி 1951-இல் ஐ.நா. சபை சீனாவுக்குப் போகும் சரக்குகளுக்குத் தடை போட்டது. சீனாவுக்கு வாசல்படியாக இருந்து பிழைத்த ஊர் ஒரேயடியாகத் தொழிற்சாலை ஊராக மாற வேண்டியதாயிற்று. இதை எழுதும்போது எங்கே வணிகம் முடிகிறது, எங்கே அரசியல் தொடங்குகிறது? கோடு போடவே முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்தது. 1960 வாக்கில் சீனா புள்ளிவிவரம் வெளியிடுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. இருபது வருஷத்துக்கு நம்பகமான எண்ணே கிடையாது. ஹாங்காங்கில் உட்கார்ந்து சீனாவைக் கவனித்தவர்கள் என்ன செய்தார்கள்? சீனா சொல்லாததை, அதனோடு வியாபாரம் செய்த நாடுகளின் கணக்கில் தேடினார்கள். 1961-இல் கனடாவிடமும் ஆஸ்திரேலியாவிடமும் சீனா பெருமளவில் கோதுமை வாங்கத் தொடங்கியது. உள்ளே விளைச்சல் அமோகம் என்று வானொலி சொல்கிறது, வெளியே கப்பல் கப்பலாகக் கோதுமை வாங்குகிறார்கள். பிறகு தெரியவந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். சர்வர் லாக் கிடைக்கவில்லை என்றால் எதிர்ப்பக்கத்து லாகைப் பார் என்று எங்கள் தொழிலில் சொல்வோம், அதே வேலைதான். ஏற்றுமதிக் கணக்கை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவனிடம் ஒரு அரசாங்கம் ரொம்ப நாள் ஒளித்து வைக்க முடியாது.

1964 முதல் 1989 வரை ஆசிரியராக இருந்தவர் டெரெக் டேவிஸ். இதழின் பொற்காலம் என்று பலர் சொல்வது இதைத்தான். அந்தக் கூடாரத்தில் நம்ம பக்கத்து ஆள் ஒருவரும் இருந்தார்: கேரளத்தின் டி.ஜே.எஸ். ஜார்ஜ். அவரும் மைக்கேல் ஓ'நீலும் வெளியே வந்து 1975-இல் 'ஆசியாவீக்' தொடங்கினார்கள். அது தனிக்கட்டுரைக்கான விஷயம்.

இப்போது சிங்கப்பூர். 1986-இல் அங்கே ஒரு சட்டத்திருத்தம் வந்தது. உள்நாட்டு அரசியலில் தலையிடுகிறது என்று ஒரு வெளிநாட்டு இதழை அமைச்சர் அறிவித்தால், அது எத்தனை பிரதி விற்கலாம் என்று அரசு வரம்பு வைக்கலாம். தடை இல்லை, கவனியுங்கள், வரம்பு மட்டும்தான். 1987 பிப்ரவரியில் 'ஆசியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 5000 பிரதியிலிருந்து 400-க்கு இறக்கப்பட்டது. எதற்காக? சிறு நிறுவனங்களுக்கான இரண்டாம் பங்குச்சந்தை பற்றிய ஒரு கட்டுரை, அதற்கு அரசு அனுப்பிய மறுப்பை அவர்கள் போடவில்லை. சுத்தமான வணிகச் செய்திதான் அது!

அதே 1987-இல் மார்க்சிய சதி என்று சொல்லி 22 பேரை விசாரணையில்லாமல் சிறை வைத்தார்கள். அதில் கத்தோலிக்கச் சமூகப் பணியாளர்கள் பலர். பிரதமர் லீ குவான் யூவுக்கும் பேராயருக்கும் நடந்த சந்திப்பு பற்றி டிசம்பரில் ரிவியூ எழுதியது. ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று விற்றுக்கொண்டிருந்த இதழ் 500 பிரதிக்கு வந்து நின்றது.

நாங்கள் இதை ரேட் லிமிட் என்போம். வலைத்தளத்தை முடக்கினால் உலகம் கத்தும். வேகத்தைக் குறைத்தால் யாரும் கத்த மாட்டார்கள், 'இதழ் இங்கே கிடைக்கிறதே, நூலகத்தில் போய்ப் படியுங்கள்' என்று சொல்லிவிடலாம். அடி விழுவது வேறு இடத்தில், விளம்பரத்தில். 500 பேர் பார்க்கும் பக்கத்துக்கு எந்த வங்கி காசு தரும்?

டேவிஸ் அசரவில்லை. 500 மட்டும் என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று சிங்கப்பூருக்கு அனுப்புவதையே நிறுத்தினார். அதற்கு அரசாங்கம் கண்டுபிடித்த பதில் இருக்கிறதே, அநியாயத்துக்குப் புத்திசாலித்தனம். வரம்பு வைக்கப்பட்ட இதழ்களை உள்ளூரில் நகலெடுத்து விற்கலாம், விளம்பரங்களை மட்டும் நீக்கிவிட வேண்டும் என்று 1988-இல் சட்டத்தை மாற்றினார்கள். செய்தியைத் தடுக்கவில்லை, காசை மட்டும் தடுத்தோம் என்று நிரூபித்துக் காட்டினார்கள். இதற்கிடையே லீ தொடுத்த அவதூறு வழக்கில் 1989-இல் 230,000 சிங்கப்பூர் வெள்ளி தர வேண்டும் என்று தீர்ப்பும் வந்தது.

மலேசியாவில் கதை வேறு மாதிரி. பள்ளி விவாத அணியிலிருந்து தன் மகனை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு நீதிபதியின் மனைவி வழக்குப் போட்டார். அதைப் பற்றி எழுதிய ரிவியூ நிருபர் மரே ஹீபர்ட் நீதிமன்ற அவமதிப்புக்காக 1999-இல் சிறை போனார். நடுவில் 1997-இல், நேட் தேயர் கம்போடியக் காட்டுக்குள் போய் போல் பாட்டை நேரில் பேட்டி கண்டதும் இந்த இதழுக்காகத்தான். வணிக இதழ்!

கடைசியில் அரசாங்கம் கொல்லவில்லை. 1987-இல் இதழ் முழுசாக டவ் ஜோன்ஸ் கைக்குப் போயிருந்தது. வெள்ளைக்காரர் வழியாக ஆசியாவைப் படிக்கும் தேவை ஆசியர்களுக்குக் குறைந்தது, விளம்பரமும் வற்றியது. 2004-இல் வார இதழை நிறுத்தி, சுமார் 80 பேரை வீட்டுக்கு அனுப்பி, மாத இதழாக்கினார்கள். அந்த நிலையிலும் 2006-இல் எதிர்க்கட்சித் தலைவர் சீ சூன் ஜுவான் பற்றி எழுதி, சிங்கப்பூரில் தடை, மறுபடி வழக்கு, மறுபடி தோல்வி. 2009 நவம்பரில் 405,000 வெள்ளி கட்டினார்கள். அடுத்த மாசம் இதழ் நின்றது.

என் 1983 பிரதிக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் கட்டுரைகளை விட விளம்பரங்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். விமான கம்பெனி, ஹோட்டல், பாதிப் பெயர்கள் இன்று இல்லாத வங்கிகள். 'ஷ்ராஃப்' என்ற பெயரில் இந்த இதழில் ஒரு நிதிப் பத்தி வந்ததுண்டு. நம்ம அகராதியில் இருக்கும் 'சராப்பு', காசு எண்ணுபவர், அதே அரபுச் சொல்தான். ஹாங்காங் கார் நிறுத்தங்களில் பணம் கட்டும் இடத்துக்கு இன்றும் அந்தப் பெயர்ப்பலகை உண்டு. விளம்பரம் வெட்டிய அந்த சிங்கப்பூர் நகல் ஒன்று யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளையாக விட்டார்களா, வேறு ஏதாவது போட்டு நிரப்பினார்களா என்று பார்க்க வேண்டும்.