பைஸான்டியம்: ஒரு திருத்தம்

அமெரிக்கக் கல்லூரியொன்றில் படிக்கும் என் அக்கா மகள் மூன்று வாரக் கல்விப் பயணமாக கிரீஸ் போயிருந்தாள். பயணத்துக்குக் கல்லூரி கொடுத்திருந்த தலைப்பு, பண்டைய கிரேக்க, பைஸான்டிய மரபு. நிகழ்ச்சி நிரலை எனக்கு அனுப்பியிருந்தாள். ஏதென்ஸ், டெல்ஃபி, மைசீனி, ஒலிம்பியா என்று தலைப்பின் முதல் பாதிக்கு 18 நாட்கள். இரண்டாவது பாதிக்கு மிச்சம் 3. ஏதென்ஸிலிருந்து ஒரு சின்ன தேவாலயத்தின் படத்தை அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: 'மாமா, பழைய சிற்பங்களைத் திருடி இந்தச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள்.'

அந்த வாக்கியம் என்னைச் சங்கடப்படுத்தியது. ஏறக்குறைய அதே கருத்தைப் பத்து வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் நானே எழுதியிருக்கிறேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு பைஸான்டியம் இரண்டு வழிகளில்தான் வந்து சேர்கிறது. ஒன்று யேட்ஸ். 1928-ல் வந்த 'தி டவர்' தொகுப்பின் முதல் கவிதையில் அது ஊரல்ல, குறியீடு. மற்றது கிப்பன். 1776 முதல் 1788 வரை வெளிவந்த அவருடைய ஆறு பாகங்களில் அது மிக நீண்ட ஒரு சீரழிவு. குறியீட்டையும் சீரழிவையும் யாரும் மெனக்கெட்டுத் தெரிந்துகொள்வதில்லை. நானும் தெரிந்துகொள்ளாமலே, 'கிரேக்கச் சிந்தனைமேல் படிந்த சாம்பிராணிப் புகை' என்று எழுதினேன். நண்பர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள். இது அதற்கான திருத்தம்.

முதலில் அந்தச் சுவர். 'சின்ன மெட்ரோபொலிஸ்' என்று அழைக்கப்படும் அந்த தேவாலயம் 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 15-ம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. வெளிச்சுவர் ஏறக்குறைய முழுவதும் பழைய பளிங்கு. மேற்கு வாசலுக்கு மேலே, வருஷத்தின் மாதங்களையும் பண்டிகைகளையும் காட்டும் கிரேக்கச் சிற்பப் பட்டை ஒன்று. பழைய பளிங்கைச் சுண்ணாம்புக்காகச் சுட்டு நீற்றுவது சகஜமாக இருந்த தேசம் அது. இதைச் சுடவில்லை. இடையிடையே சிலுவையைச் செதுக்கி, எல்லோரும் நுழைகிற வாசலுக்கு மேலே வைத்தார்கள். திருடியவன் திருடிய பொருளை நிலைக்கு மேலே மாட்டுவானா?

அதன் பக்கத்திலேயே 1842-ல் தொடங்கி 1862-ல் முடித்த பெரிய தேவாலயம் நிற்கிறது. அதன் கல்லில் பெரும்பகுதி, இடிக்கப்பட்ட பல பைஸான்டிய ஆலயங்களிலிருந்து வந்தது. அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

1834-ல் ஏதென்ஸ் புதிய கிரேக்க நாட்டின் தலைநகரமாயிற்று. அந்த நாட்டுக்கு பெரிக்ளீஸின் ஊர் வேண்டியிருந்தது. இடைப்பட்ட நூற்றாண்டுகள் இடைஞ்சலாக இருந்தன. கப்னிகாரேயா என்ற 11-ம் நூற்றாண்டு ஆலயம் புதிய நகரத் திட்டத்தில் இடிபட இருந்தது. பவேரிய மன்னர் லுட்விக் தலையிட்டதால் பிழைத்தது. அக்ரோபொலிஸில் லத்தீன் பிரபுக்கள் காலத்துக் கோபுரத்தை 1875-ல் இடித்தார்கள். செலவை ஏற்றவர், ட்ராய் நகரைத் தோண்டிய ஷ்லீமன். பார்த்தனான் கோவிலாக இருந்தது சுமார் 900 வருஷம். மரியாளின் ஆலயமாக இருந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவே. பிறகு மசூதி. 1687-ல் வெனிஸ் படையின் குண்டு உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தில் விழுந்து பாதி சிதறியது. இன்று மாணவர்கள் பார்க்கிற 'தூய' அக்ரோபொலிஸில் 19-ம் நூற்றாண்டின் கைவேலையும் உண்டு. நிரலில் 18, 3 என்று விழுந்த கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சரி, அந்த பெரிக்ளீஸ் காலத்தை நாம் எதில் படிக்கிறோம்? பைஸான்டியர் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். எழுதியதும் படித்ததும் கிரேக்கத்தில். 895-ல் அரெதாஸ் என்ற பத்ராஸ் ஊர்க்காரர், சபையில் டீக்கனாக இருந்தவர், ப்ளேட்டோவைப் பிரதியெடுக்கச் சொன்னார். பிரதி செய்தவர் ஜான். கூலி 13 பொற்காசு, தோலுக்கு 8. கணக்கு அந்தச் சுவடியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாங்கில் நகைக்கடன் ஸீட்டில் உட்காருகிறவன் நான். கை தானாகக் கணக்குப் போட்டது. காசு ஒன்று சுமார் 4.4 கிராம். ஏறக்குறைய பதினொன்றரை பவுன். கிறிஸ்தவ சபையின் ஓர் ஊழியர் தன் சொந்த வாசிப்புக்காக, ஒரு 'புறமதத்தான்' எழுதியதில் போட்ட பணம். ஓரங்களில் அவர் கையாலேயே குறிப்புகள். 1801-ல் க்ளார்க் என்ற ஆங்கிலேயர் பத்மோஸ் தீவு மடத்திலிருந்து அதை வாங்கிக்கொண்டு போனார். இன்று ஆக்ஸ்ஃபோர்டில், அவர் பெயரால் அறியப்படுகிறது. ப்ளேட்டோவுக்கு நம்மிடமுள்ள முக்கியப் பிரதிகளில் அது ஒன்று. சாம்பிராணிப் புகை என்று நான் எழுதியது இவர்களைப் பற்றித்தான்.

இந்தக் கல்விப் பயணத்துக்கு ஒரு முன்னோடியும் உண்டு. மைக்கேல் கோனியாட்டீஸ், ஹோமருக்கு உரை எழுதிய யூஸ்டாதியஸின் மாணவர். 1182-ல் ஏதென்ஸின் தலைமை பிஷப்பாக வந்தார். அவருடைய ஆலயம் பார்த்தனான். தலை நிறையப் புத்தகங்களோடு வந்து பழைய ஏதென்ஸை நினைத்து முதல் பிரசங்கம் செய்தார். கேட்டவர்களுக்குப் புரியவில்லை. இந்த ஊரில் வாழ்ந்து நானே காட்டுமிராண்டியாகி விட்டேன் என்ற பொருளில் கடிதம் எழுதினார். என் அக்கா மகளின் ஏமாற்றம், என் ஏமாற்றம், எல்லாம் அவரிடமே இருக்கிறது.

ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். தன் பிரசங்கம் புரியாத அந்த ஜனங்களின் வரிச்சுமையைக் குறைக்கச் சொல்லிச் சக்கரவர்த்திக்கு மனு எழுதினார். ஸ்குரோஸ் என்ற பிரபு படையோடு வந்தபோது அக்ரோபொலிஸை விட்டுக்கொடுக்காமல் காத்தார். 1204-ல் சிலுவைப் போர்வீரர்கள் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்து, பின் ஏதென்ஸுக்கும் வந்தபோது கேயா தீவுக்குப் போய்விட்டார். புத்தகங்கள் சிதறின. தீவிலிருந்து அவற்றைத் தேடிக் கடிதங்கள் எழுதினார். காலிமாக்கஸின் 'ஹெகாலே' காவியத்தை முழுதாக வைத்திருந்த கடைசி மனிதர் அவராக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்று நமக்கு அதில் கிடைப்பது துண்டுகள்.

மரபு என்ற சொல்லை நம் பத்திரிகைகளில் நிறையச் செலவழித்திருக்கிறோம். நான் அதைப் பெருமைப்பட வேண்டிய ஒரு பட்டியல் என்றே நினைத்திருந்தேன். கோனியாட்டீஸுக்கு அது ஏமாற்றத்துக்குப் பிறகும் விட்டுப்போகாமல் இருப்பது.

பார்த்தனான் தூண்களைக் கவனி, பைஸான்டியர்கள் அதில் பிஷப்புகளின் சாவையும் தங்கள் பிரார்த்தனைகளையும் கீறி வைத்திருக்கிறார்கள் என்று அக்கா மகளுக்கு எழுதினேன். பதில் வந்தது: 'உள்ளே விடமாட்டார்கள், மாமா. தூரத்திலிருந்து பார்த்தால் தூண் வெறும் தூணாகத்தான் தெரிகிறது.'