பேச்சுரிமையும் யூதர்பகைமையும்: பேர்லின் தரும் படிப்பினை

கருத்துரைக்கும் உரிமையின்றிக் கல்விக்கழகம் வாழாது. அச்சமின்றிக் கற்கும் உரிமையின்றி மாணவன் வாழான். இவ்விரண்டும் முரணுமிடத்து யாது செய்வதென்னும் வினா, யூதர்பகைமை குறித்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அண்மையில் வலுப்பெற்றுள்ளது. 2023 திசெம்பரில் மூன்று பல்கலைக்கழகத் தலைவர்கள் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின்முன் இதற்கு விடையிறுக்க நேர்ந்தது. எனினும் வினா பழையது.

1879 நவம்பரில், பேர்லின் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் திறைற்ஷ்கே, தாம் பதிப்பித்த திங்களிதழில் யூதரைத் தாக்கிக் கட்டுரை வரைந்தார். தெருவிற் பிறந்த வசையெனின் கற்றோர் அதனைப் பொருட்படுத்தியிரார். ஆசானிடத்துப் பிறந்தமையால் அது மதிப்புப்பெற்றது. யூதரை உயர்பதவிகளினின்றும் விலக்கக் கோரிய விண்ணப்பத்தில் ஏறத்தாழ 250,000 பேர் ஒப்பமிட்டனர்; அவ்வியக்கத்தில் மாணவர் ஏறத்தாழ 4,000 ஒப்பங்கள் திரட்டினர்.

உரோம வரலாறு எழுதிப் பின்னர் 1902 இல் நோபெல் பரிசு பெற்ற மொம்சென், அதே பல்கலைக்கழகத்திலிருந்து மறுப்பெழுதினார். 1880 நவம்பரில் அறிஞரும் பிரமுகருமாகிய 75 பேர் கண்டன அறிக்கை வெளியிட்டனர். யூதர் தம் தனித்தன்மையைக் களைதல் வேண்டுமென மொம்சென்னும் கருதியமை அம்மறுப்பின் குறையாகும். எனினும் சொல்லைச் சொல்லால் எதிர்த்த துணிவு அவருடையது.

அத்துணிவு நிலைக்கவில்லை. வைமார்க் குடியரசில் இனப்பழிப்பாளர் சட்டத்தினால் தண்டிக்கப்பட்டதுமுண்டு. ஸ்ரைக்கர் சிறைசென்றும் அவருடைய இதழ் நிற்கவில்லை. திறைற்ஷ்கேயின் தொடரொன்றே அவ்விதழின் முகப்பு வாசகமாயிற்று. 1933 ஏப்பிரிலில் யூத ஆசிரியர் பதவியிழந்தனர். புதிதாகச் சேரும் மாணவருள் யூதர் 1.5 வீதத்துக்கு மேற்படலாகாதென விதிக்கப்பட்டது. மே 10 ஆந் திகதி, பல்கலைக்கழகத்தின் எதிரேயுள்ள சதுக்கத்தில் மாணவரே நூல்களை எரித்தனர். சொல் ஒன்றே இக்கேட்டினை விளைத்ததென்றல் பொருந்தாது. போர்த்தோல்வியும் பொருளாதார வீழ்ச்சியும் அரசவலிமையும் உடன்சேர்ந்தன. ஆயின் அதற்கு வழிசெய்தவற்றுள் அச்சொல்லும் ஒன்று.

அமெரிக்காவில் 1791 ஆம் ஆண்டின் முதலாந் திருத்தம் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பேச்சைக் காக்கின்றது. 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அரசநிதி பெறும் நிறுவனங்களில் இனம், நிறம், தேசிய மூலம் என்பன பற்றிய பாகுபாட்டைத் தடுக்கின்றது. ஓர் அரசைக் கண்டித்தல் கருத்தாகும்; யூதன் என்பதற்காக ஒரு மாணவனை அச்சுறுத்தி வகுப்பறையினின்றும் விலக்குதல் கருத்தன்று. இவ்வெல்லையைச் சட்டம் வரையலாம். எல்லைக்குட்பட்ட பொய்யை மறுக்குங் கடமையோ ஆசிரியர்க்கே உரியது. அவர் வாய்மூடியிருப்பின், எந்தச் சட்டமும் அக்குறையை நிரப்பாது.